டிராக் பந்தய எஞ்சினில் எண்ணெயின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்காணித்தல்

சிங்கப்பூரின் பொதுச் சாலைகளில் பந்தயம் ஓட்டுவது குற்றம் என்பதால், நேர்ப்பாதையில் குறுந்தூரம் சீறிப்பாயும் டிராக் (drag) பந்தய ஆர்வலர்கள் கடற்பாலத்தைக் கடந்து மலேசியப் பந்தயத் தடங்களுக்குச் செல்கிறார்கள். புறப்படும் முன்பே எண்ணெய் மீட்டர்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

அழுத்த சென்சாரை ஃபில்டருக்குப் பிந்தைய முதன்மை எண்ணெய்ப் பாதையிலும், வெப்ப சென்சாரை எண்ணெய்த் தொட்டியிலும் பொருத்துங்கள். கனமான சென்சாரை எஞ்சினில் நேரடியாகத் திருகினால் அதிர்வில் இணைப்பு முறியக்கூடும் என்பதால், உலோகப் பின்னலிட்ட குழாய் வழியாகத் தள்ளிப் பொருத்துவதே பாதுகாப்பானது.

நம் ஊர் வெயிலில் எண்ணெய் தானாகவே சூடாகிவிடும் என்று நம்ப வேண்டாம். 30 டிகிரி செல்சியஸில் அது இன்னும் கெட்டியாகவே இருக்கும். அப்போது மீட்டர் காட்டும் உயர்ந்த அழுத்தம் தாராளமான ஓட்டத்திற்குச் சான்றாகாது. பொதுவாக 80 டிகிரியை நெருங்கிய பிறகு முழு வேகம் கொடுக்கலாம். நிமிடத்திற்கு 1,000 சுழற்சிக்கு 10 பிஎஸ்ஐ (psi, அழுத்தத்தின் அலகு) என்பது பழைய கணக்கு. உங்கள் எஞ்சினைக் கட்டியவர் தரும் அளவே மேலானது.

சுமார் 402 மீட்டர் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், கண்ணால் மீட்டரைப் பார்ப்பது போதாது; அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் டேட்டா லாகர் அவசியம். பாய்ந்து கிளம்பும்போது எண்ணெய் பின்னோக்கியும் பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கியும் சரிவதால், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கலாம். அந்தக் கணங்களில் அழுத்த வரைகோடு திடீரெனத் தாழ்ந்திருந்தால், எண்ணெய் அளவையும் தொட்டியின் தடுப்புத் தகடுகளையும் பார்க்காமல் அடுத்த ஓட்டத்திற்குப் போகாதீர்கள். வெப்பம் மெதுவாகவே மாறுவதால், வெப்ப மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது.

ஒரே வெப்பநிலையிலும் சுழற்சியிலும் அழுத்தம் ஓட்டத்துக்கு ஓட்டம் குறைந்துகொண்டே வந்தால், எண்ணெயில் பெட்ரோல் கலந்திருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள்கள் உள்ளனவா என்று பாருங்கள்.