வெளிநாட்டு கேம்பர் வேனின் டிம் லைட்டை நம்மூர் ரோட்டுக்கு மாற்றுவது எப்படி

ஐரோப்பாவிலிருந்து கார்னெட் (வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவரும் சுங்கப் பத்திரம்) எடுத்து கேம்பர் வேனோடு கன்னியாகுமரி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஸ்டீயரிங் இடதுபக்கம் இருப்பதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். லைட்டைப் பற்றி யோசிப்பது, அம்பாசமுத்திரம் ரோட்டில் எதிரே வரும் பஸ்காரர் பிரைட்டைப் போட்டுப் போட்டுத் திட்டிய பிறகுதான். நீங்கள் ஓட்டினாலும் சரி, ஊருக்கு வந்த சிநேகிதருக்கு உதவி செய்தாலும் சரி, இந்த வேலையை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

டிம் லைட்டின் வெளிச்சம் மேலே நேர்கோடாக வெட்டினாற்போல நிற்கும், ஒரு ஓரத்தில் மட்டும் சரிவாக ஏறும். நடந்து போகிறவர், சைக்கிள், மைல்கல் எல்லாம் தூரத்திலேயே தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வலதுபக்கம் ஓட்டும் நாட்டு வண்டியில் அந்த ஏற்றம் வலது ஓரத்துக்குப் போகும். அதே வண்டி நம்மூரில் ஓடினால் அது நேராக எதிர் டிரைவரின் கண்ணில் அடிக்கும், இடது ஓரம் இருட்டாகக் கிடக்கும். பிரைட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, அது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். துருக்கி, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாக வருகிறவர்களுக்கு தஃப்தான் எல்லையில் பாகிஸ்தானுக்குள் நுழைந்ததுமே பக்கம் மாறிவிடுகிறது, அதனால் அங்கேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. இங்கிலாந்து, ஜப்பான் வண்டி என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே கிடையாது.

முதலில் ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முன்னால் குனிந்து நின்று அதில் பதித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. அதன் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். அம்புக்குறியே இல்லையென்றால் அது வலதுபக்க நாட்டுக்கு மட்டும் செய்த லைட். லைட்டைப் பார்த்து நிற்கிற உங்களுக்கு வலப்பக்கமாக ஒற்றை அம்பு காட்டினால் நம்மூர் லைட். இரண்டு முனையும் உள்ள அம்பு என்றால் யோகம், இரண்டு பக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பல்புக்குப் பின்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அல்லது பழைய ஹெச்4 லைட்டாக (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்) இருந்தால் பல்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைக்க இரண்டாவது காடி இருக்கும். புது எல்இடி வண்டிகள் சிலவற்றில் மெனுவிலேயே பக்கம் மாற்றும் பயண வசதி இருக்கும். அப்படி வசதி இல்லாத லைட்டில் பல்பை நீங்களாகத் திருப்பி மாட்டாதீர்கள், வெளிச்சம் கண்டபடி சிதறும்.

டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு உருளை இருக்குமே, அதைத் திருப்பி லைட்டைத் தாழ்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மொத்த வெளிச்சமும் கீழே இறங்குமே தவிர, வலது ஏற்றம் அப்படியேதான் இருக்கும். நம்மூரில் ஹெட்லைட் நடுவில் ஒட்டுகிறார்களே கறுப்புப் பொட்டு, அதுவும் அந்த ஏற்றத்தைக் குறிபார்த்து மறைப்பதில்லை.

அடுத்து சுவர். ரைஸ் மில் குடோன் சுவரோ கல்யாண மண்டபச் சுவரோ, வெள்ளையடித்த சுவரும் அதற்கு முன்னால் சமதளமான தரையும் இருந்தால் போதும். பொழுது சாய்ந்ததும் வேனைச் சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் காற்றுச் சரியாக இருக்கட்டும், தண்ணீர்த் தொட்டியும் வழக்கமான சாமானும் ஏற்றியிருக்கட்டும், ஏனென்றால் பின்னால் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் 100 கிலோ, மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். தரையிலிருந்து லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மின் வெட்டுக்கோடு இந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். பல ஐரோப்பிய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலேயே 1% அல்லது 1.2% என்று அச்சடித்திருக்கும், 1.2 என்றால் 12 சென்டிமீட்டர்.

இப்போது ஒரு லைட்டைச் சாக்குப்பையால் மூடிவிட்டு மற்றதை மட்டும் பாருங்கள். வலப்பக்கம் 15 டிகிரியில் ஏறுகிற ஒரு ஆப்பு சுவரில் தெளிவாகத் தெரியும். அந்த ஆப்பைத்தான் மறைக்க வேண்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் ஒட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், இணையத்தில் கிடைக்கிற படத்தைப் பார்த்து ஒட்டினால் பாதி நேரம் தப்பான இடத்தில்தான் ஒட்டுவீர்கள். அதற்குப் பதிலாக, உள்ளங்கையளவு அட்டையை ஒரு குச்சியில் கட்டி ஒருவர் கண்ணாடி முன்னால் மெதுவாக நகர்த்தட்டும், இன்னொருவர் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு இடத்தில் அந்த ஆப்பு மட்டும் காணாமல் போகும், மற்ற வெளிச்சம் அப்படியே இருக்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அட்டையைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஹாலஜன் சூட்டில் பசை இளகி வழியும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். வண்ணார்பேட்டையோ தென்காசியோ, எந்த ஊர் ரேடியம் ஸ்டிக்கர் கடையிலும் கறுப்பு வினைல் கிடைக்கும். அட்டையைக் கொடுத்தால் அதே அளவில் இரண்டு துண்டு வெட்டித் தருவார்கள். இரண்டு லைட்டிலும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில்தான் ஒட்டவேண்டும், ஒன்றுக்கொன்று எதிரெதிராக அல்ல.

ஆனால் ஸ்டிக்கர் பாதி வேலைதான், இதை அழுத்திச் சொல்கிறேன். எதிரே வருகிறவர் கண் தப்பியது, உங்கள் இடது ஓரம் இன்னும் இருட்டுதான். நான்கு வழிச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது, நடுவில் அரளிச் செடி வேறு இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் போய்ப் பாருங்கள், அதுவும் தைப்பூச நேரத்தில். ராத்திரி முழுக்க ரோட்டோரமாகப் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கரோடு அந்த ரோட்டில் ராத்திரி ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றிரண்டு வாரத்தில் கிளம்புகிறவர் பகலில் மட்டும் ஓட்டிச் சமாளிக்கலாம், மாதக்கணக்கில் இருக்கப்போகிறவர் லைட்டையே மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது சில வண்டிகளில் ரொம்பச் சுலபம். பழைய ஃபோக்ஸ்வாகன் டி2, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் இருப்பது ஏழு இஞ்ச் வட்ட லைட். நம் அம்பாசடரிலும் பழைய ஜீப்பிலும் இருந்ததும் அதே அளவுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் “அண்ணாச்சி, ஜீப்புக்குப் போடுற ஏழு இஞ்ச் ஹெச்4 யூனிட் ஒரு ஜோடி” என்றால் போதும், இங்கே விற்பது இடதுபக்கம் ஓட்டுவதற்கான லைட்தான். ஆன்லைனில் வாங்கினால் மட்டும் அம்புக்குறியைப் பார்த்து வாங்குங்கள். மெர்சிடிஸ் டி1 வேன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நம் டெம்போ டிராவலர் அந்த வண்டியை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். லைட் அப்படியே பொருந்தும் என்று நான் எழுதித் தரமாட்டேன், ஆனால் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடையில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண்போகாது.

லாரி அடித்தளத்தில் கட்டிய பெரிய கேம்பராக இருந்தால் பல்பு வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள். அவற்றில் பல 24 வோல்ட், 12 வோல்ட் பல்பைப் போட்டால் போட்டவுடன் போய்விடும். லாரி எலெக்ட்ரீஷியன் கடையில் 24 வோல்ட் 75/70 வாட் (பிரைட்/டிம்) ஹெச்4 கிடைக்கும், 12 வோல்ட்டில் அதே பல்பு 60/55. “100/90 போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், ஹோல்டர் உருகி ஒயரும் கருகும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு போடுவதும் அதே ரகம், வெட்டுக்கோடே கலங்கிப் போகும். வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி ஒயர் இழுங்கள், பழைய வண்டிகளில் சுவிட்ச் வழியாக வந்து வந்தே வோல்டேஜ் பாதி வழியில் தொலைந்திருக்கும்.

புது லைட் மாட்டியதும் மறுபடி சுவருக்கு வாருங்கள். வலப்பக்கம் நேர்கோடு, ஏற்றம் இடப்பக்கம், மடங்குகிற இடம் லைட்டுக்கு நேர் எதிரில். திருப்புளியை ஒவ்வொரு சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். கடைசியில் மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்கிற சோதனை: வண்டியின் முன்னால் 8 மீட்டரில், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒருவர் நிற்க வேண்டும், அவருக்குக் கண் கூசக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டினவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

பின்பக்கம் சீக்கிரம் முடியும். வலதுபக்க நாட்டு வண்டியில் பின் ஃபாக் லைட் (பனிமூட்டத்தில் போடுவது) ஒன்றே ஒன்று இருந்தால் அது இடப்பக்கம் இருக்கும், இங்கே அது வலப்பக்கம் வரவேண்டும். பல வண்டிகளில் மறுபக்க லைட்டிலும் ஹோல்டர் காலியாக இருக்கும், பல்பையும் ஒயரையும் மாற்றிக் குத்தினால் சரி. நெல்லைச் சமவெளியில் அதைப் போடவே வேண்டியிருக்காது, கொடைக்கானல் ஏறினால் உதவும். அமெரிக்க வண்டியில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக மின்னினால் அதை ஆம்பருக்கு மாற்றுங்கள். இடது ஸ்டீயரிங் வண்டியில் சிக்னல் கருவி வேலை செய்தே ஆகவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது, அதனால் இண்டிகேட்டரில் அசட்டை வேண்டாம்.

கழற்றிய பழைய லைட்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கார்னெட்டில் வந்த வண்டி திரும்பிப் போயாக வேண்டும், ஈரானில் அதுதான் சரியான லைட். துணியில் சுற்றி, பல்பைத் தனியாக எடுத்து, சீட்டுக்கு அடியில் வையுங்கள்.