வைர சர்டிஃபிகேட்டை அடியிலிருந்து படியுங்கள்

வைர சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் மூன்று இடத்தைத்தான் பார்ப்பார்கள். எத்தனை கேரட், நிறத்துக்கு என்ன எழுத்து, கிளாரிட்டிக்கு, அதாவது கல்லில் குறை எவ்வளவு என்பதற்கு, என்ன எழுத்து. அதோடு மடித்து உறைக்குள் வைத்தாயிற்று. நானும் வெகுநாள் அப்படித்தான் படித்தேன். விற்பவரின் விரல் போய் நிற்கும் வரிகள் அவை. விரல் போகாத வரிகள் தாளின் அடியில், பொடி எழுத்தில் இருக்கின்றன. முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

அடியில் கமெண்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் வரும் இரண்டு வாக்கியங்கள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று, 'கூடுதல் கிளவுட்கள் காட்டப்படவில்லை'. இன்னொன்று, 'படத்தில் காட்டப்படாத கிளவுட்களை வைத்தே கிளாரிட்டி தரம் முடிவு செய்யப்பட்டது'. கிளவுட் என்பது கல்லுக்குள் நெருக்கமாகச் சேர்ந்த நுண்புள்ளிக் கூட்டம். முதல் வாக்கியம் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை; தரத்தை முடிவு செய்தது வேறொரு குறை, கிளவுட் அதில் சில்லறை. இரண்டாவது வாக்கியம் எஸ்ஐ1, எஸ்ஐ2 என்ற கிளாரிட்டி படிகளில் உள்ள கல்லில் வந்தால் உஷாராக வேண்டும். கூட்டம் அதிகமாகப் பரவி, கோடு போட்டு வரைய முடியாத நிலையில் இருக்கலாம். அப்படிப்பட்ட கல் சில நேரம் பனி படிந்த கண்ணாடி போல மங்கித் தெரியும், நீரோட்டம் இருக்காது. ஆனால் சர்டிஃபிகேட்டில் கல்லின் குறைகளைக் குறித்துக் காட்டும் படமோ துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு 'எஸ்ஐ என்று போட்டிருக்கிறார்கள், ஒரு குறையையும் காணோமே' என்று சந்தோஷப்பட்டால் கதை முடிந்தது. கல்லை நேரில், விளக்கு வெளிச்சத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து பார்க்காமல் எடுக்கவே கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. படத்தில் சிவப்புக் கிறுக்கல்களைப் பார்த்ததும் பயந்துவிடுவது. சிவப்பு என்றால் கல்லின் உள்ளே இருப்பது, பச்சை என்றால் மேற்பரப்பில் இருப்பது. ஒரு கேரட் வட்டக் கல்லின் விட்டமே சுமார் ஆறரை மில்லிமீட்டர்தான். தாளில் அதைப் பல மடங்கு பெரிதாக வரைந்திருக்கிறார்கள். கிளாரிட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள், வெறும் கண்ணால் அல்ல. ஆகவே எத்தனை குறி என்று எண்ணாதீர்கள். படத்துக்குப் பக்கத்தில் உள்ள அடையாளப் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பாருங்கள். பொதுவாகத் தரத்தைக் கீழே இழுத்தது அதுதான். அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டல், அதாவது கல்லுக்குள் சிக்கிய சிறு படிகம், ஒன்று கல்லின் மேல் தட்டையான டேபிளுக்கு நேர் கீழே இருந்தால் கண்ணில் உறுத்தலாம். அதுவே ஓரத்தில் இருந்தால் நகையின் கொக்கி மறைத்துவிடும். ஓரத்தில் மேற்பரப்பைத் தொடும் பெரிய ஃபெதர், அதாவது விரிசல், இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். பதிக்கும்போது அழுத்தம் விழும் இடம் அது. கிரிஸ்டல் கறுப்பா வெள்ளையா என்பதை எந்தப் படமும் சொல்லாது. சிறிய கற்களுக்குத் தரும் டோசியே வகை அறிக்கையில் படமே கிடையாது.

எஸ்ஐ3 என்று போட்டிருந்தால் ஒரு விஷயம்: ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனத்தின் கிளாரிட்டி அளவுகோலில் அப்படி ஒரு படியே இல்லை. எஃப்எல் முதல் ஐ3 வரை மொத்தம் 11 படிகள், எஸ்ஐ2-க்கு அடுத்தது ஐ1. நிறத்தை, நிறமே இல்லாத டி முதல் மஞ்சள் தெரியும் இசட் வரை பிரிக்கும் முறையும் 1950-களில் ஜிஐஏ கொண்டுவந்ததுதான். மற்ற ஆய்வகங்கள் அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன, ஆனால் எல்லோர் கையும் ஒரே அளவு இறுக்கம் இல்லை. ஒரு ஆய்வகத்தின் ஜி, இன்னொன்றின் ஐ ஆக இருக்கலாம். அதனால் இரண்டு ஆய்வகத் தாள்களைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 'இது மலிவு' என்று முடிவு கட்டுவது ஏமாறும் வழி. கடைக்காரரே அச்சடித்த அட்டையை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இனி அளவுகள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே அபிப்பிராயம் கிடையாது, வெறும் எண்கள். ஒரு கேரட் என்பது 0.2 கிராம் எடை. எடைதான், அகலம் இல்லை. இரண்டு வட்டக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே 1.00 கேரட். முதலாவதின் விட்டம் 6.45 மி.மீ., உயரம் 3.95; ஆழம், அதாவது விட்டத்தில் உயரத்தின் பங்கு, சுமார் 61 சதவீதம். இரண்டாவதின் விட்டம் 6.25, உயரம் 4.03, கிர்டில் என்னும் விளிம்பு தடிப்பு. ஆழம் 64 சதவீதத்துக்கு மேல். இரண்டாவது கல்லை மேலிருந்து பார்த்தால், நன்றாகப் பட்டை தீட்டிய 0.91 கேரட் கல் அளவுக்குத்தான் தெரியும். மிச்ச எடை வயிற்றிலும் விளிம்பிலும் ஒளிந்திருக்கிறது. கொடுக்கும் பணம் ஒரு கேரட்டுக்கு. பட்டை தீட்டுபவர் 1.00 என்ற எண்ணைத் தொடுவதற்காக அழகை விட்டுக்கொடுத்த கதை இப்படித்தான் எண்களில் தெரியும்.

கட், அதாவது பட்டை தீட்டிய விதம், அதன் தரத்திலும் ஒரு பொறி உண்டு. ஜிஐஏ கட் தரம் தருவது வட்ட பிரில்லியண்ட் கல்லுக்கு மட்டும். அது 2006-லிருந்துதான் அறிக்கையில் வருகிறது. ஓவல், பிரின்சஸ், எமரால்ட் வடிவக் கற்களில் பாலிஷ், சிமெட்ரி என்ற இரண்டு வரிகள்தான் இருக்கும். அந்த இரண்டிலும் எக்ஸலண்ட் என்று இருந்தால் கல்லின் பட்டையே எக்ஸலண்ட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாலிஷ் என்பது மேற்பரப்பின் வழவழப்பு, சிமெட்ரி என்பது பட்டைகளின் ஒழுங்கு. நடுவில் கறுப்புப் பட்டாம்பூச்சி போல நிழல் விழும் ஓவலுக்கும் அந்த இரண்டு எக்ஸலண்ட்டும் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கல்லைக் கவிழ்த்து வைத்து மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுத் தரும் எழுத்து அது. விரலில் போட்டால் யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஒரு படி வித்தியாசத்துக்காக வருத்தப்பட வேண்டாம். ஃபுளோரசன்ஸ், அதாவது புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் தன்மை, 'ஸ்ட்ராங்' என்றிருந்தால் உடனே ஒதுக்கவும் வேண்டாம், வெயிலில் ஒருமுறை பார்த்தால் போதும்.

தலைப்பைப் படிக்காமல் விடுவது இப்போது பெரிய தவறாகிவிட்டது. லேப்-க்ரோன், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் சர்டிஃபிகேட் உண்டு, பல ஆய்வகங்கள் அதே எழுத்துகளிலேயே தருகின்றன. ஜிஐஏ 2025-லிருந்து இவற்றுக்கு அந்த எழுத்துகளை விட்டுவிட்டு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டு வகையாகவே பிரிக்கிறது. இயற்கை வைரமாக இருந்தாலும் ட்ரீட்மென்ட் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். எச்பிஎச்டி என்றால் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து நிறத்தை மாற்றியது.

சரி, தாள் சுத்தம். அந்தத் தாளும் இந்தக் கல்லும் ஒன்றா? சர்டிஃபிகேட் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தாள் உண்மை என்று மட்டும்தான் சொல்லும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல உருட்டுங்கள். வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டதும் கிர்டில் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிசாகப் பொறித்த சர்டிஃபிகேட் எண் எழும்பும். முதல் தடவை கண்டுபிடிக்க ஐந்து நிமிடமாவது பிடிக்கும். ஆனால் எண் பொருந்தினாலும் பாதிதான் முடிந்தது. இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணை லேப்-க்ரோன் கல்லில் பொறித்து அனுப்பிய மோசடிகளை ஜிஐஏவே 2021-ல் வெளியில் சொன்னது. அதனால் எடை, விட்டம், உயரம் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். படத்தில் உள்ள பெரிய குறி கல்லிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று லூப்பில் தேடுங்கள். இதையெல்லாம் நகையில் பதிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பதித்த பிறகு எடை போட முடியாது, கொக்கி அந்த எண் மேலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.