எக்ஸிஸ்ட்-டிபி தரவுத்தளத்திற்கான நீட்சி மாட்யூலைப் பொதியாக்கி வழங்குதல்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

எக்ஸிஸ்ட்-டிபி என்பது எக்ஸ்எம்எல் ஆவணங்களை (குறிச்சொற்களால் பகுதிகள் பிரித்துக் காட்டப்பட்ட உரைகளை) அவற்றின் வடிவம் மாறாமல் சேமித்து, எக்ஸ்குவெரி மொழியில் வினவ உதவும் கட்டற்ற தரவுத்தளம். அதற்காக எழுதிய பயனுள்ள செயற்கூறுகளைப் (ஃபங்ஷன்களைப்) பலரும் ஒவ்வொரு திட்டத்திலும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாளடைவில் எந்த நகல் திருத்தப்பட்டது, எது பழையது என்பதே தெரியாமல் போகிறது. செயற்கூறுகளைத் தொகுத்து வைக்கும் கோப்பே மாட்யூல். இரண்டே செயற்கூறுகள் கொண்ட மாட்யூலாக இருந்தாலும், அதைத் தொடக்கத்திலேயே பொதியாக்கிவிடுவது, அதாவது நிறுவத்தக்க ஒரே கோப்பாக்கிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறியிடுவதற்கான டிஇஐ முறையில் அமைந்த நூல்களில் ஒரு பத்தியின் சொற்களை எண்ணித் தரும் 'சொல்லெண்ணி' என்ற மாட்யூலை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்குவெரி 3.1-இல் டோக்கனைஸ் செயற்கூறுக்குப் பத்தியை மட்டும் கொடுத்தால், அது முன்பின் வெற்றிடங்களை நீக்கிச் சொற்களைத் தானே பிரித்துவிடும் என்பதால், அதன் விளைவைக் கவுண்ட் செயற்கூறிடம் ஒப்படைத்தாலே வேலை முடிந்தது. மாட்யூலின் முதல் வரியில், அதைப் பிறவற்றிலிருந்து தனித்து அடையாளம் காட்டும் நேம்ஸ்பேஸ் முகவரியை அறிவிக்க வேண்டும். உங்களுக்கு உரிமையுள்ள இணைய முகவரியில் தொடங்குமாறு அதை அமையுங்கள். அங்கே உண்மையான பக்கம் எதுவும் இருக்கத் தேவையில்லை, பிறருடைய பெயரோடு மோதாமல் இருந்தால் போதும்.

அடுத்து, ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, அதற்குள் 'கன்டென்ட்' என்ற உட்கோப்புறையில் மாட்யூல் கோப்பை வையுங்கள். கன்டென்ட்டுக்கு வெளியே, மேல் மட்டத்தில், இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள் வேண்டும்.

முதலாவது, பொதியின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்பாத் பொதி விதிமுறை கேட்கும் 'எக்ஸ்பாத்-பிகேஜி' என்ற விவரக் கோப்பு. பொதியின் இதயம் இதுதான். இதன் வேர் உறுப்பில் பொதியின் முழுப்பெயராக ஒரு முகவரியும், சுருக்கப் பெயரும், பதிப்பு எண்ணும், விதிமுறையின் எண்ணான 1.0-உம் இடம்பெற வேண்டும். உள்ளே தலைப்பையும், எக்ஸிஸ்டின் எந்தப் பதிப்பிலிருந்து இது இயங்கும் என்ற சார்புக் குறிப்பையும் எழுதியபின், எக்ஸ்குவெரி உறுப்பில் மாட்யூலின் நேம்ஸ்பேஸையும் கோப்பின் பெயரையும் இணையாகத் தர வேண்டும். இந்த இணைப்பு பதிவாவதால்தான், பயன்படுத்துபவர் கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பிடாமல் நேம்ஸ்பேஸை மட்டும் எழுதி மாட்யூலை இறக்குமதி செய்ய முடிகிறது. எனவே மாட்யூலில் அறிவித்த முகவரியும் இங்கே எழுதும் முகவரியும் ஓரெழுத்துகூட மாறக்கூடாது. இறுதியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அது வேறு முகவரியாகிவிடும்.

இரண்டாவது, 'ரெப்போ' என்ற கோப்பு. இது எக்ஸிஸ்டுக்கே உரியது. விளக்கம், ஆசிரியர், உரிமம் ஆகியவற்றோடு, வகை என்ற உறுப்பில் 'லைப்ரரி' என்று எழுதினால் நம் தேவைக்குப் போதும்.

இனி இவற்றை ஜிப் செய்ய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. வெளிக் கோப்புறையைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கினால், ஜிப்புக்குள் முதலில் அந்தக் கோப்புறையும் அதற்குள் விவரக் கோப்பும் அமைந்துவிடும். எக்ஸிஸ்டோ விவரக் கோப்பை ஜிப்பின் மேல் மட்டத்தில்தான் தேடும், காணாவிட்டால் நிறுவ மறுக்கும். ஆகவே கோப்புறைக்குள் நுழைந்து, இரண்டு கோப்புகளையும் கன்டென்ட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள். பின்னர் கோப்பின் பின்னொட்டை 'எக்ஸ்ஏஆர்' என்று மாற்றி, சுருக்கப் பெயரும் பதிப்பு எண்ணும் வருமாறு பெயரிடுங்கள். அடிக்கடி வெளியிடுவதாக இருந்தால் இந்தப் படியை, இத்தகைய வேலைகளைத் தானாகச் செய்யும் ஆன்ட் அல்லது மேவன் கருவியிடம் விட்டுவிடலாம்.

நிறுவிப் பார்க்க, எக்ஸிஸ்டின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டில் நிர்வாகியாக நுழைந்து, பேக்கேஜ் மேனேஜரில் கோப்பைப் பதிவேற்றுங்கள். பல சர்வர்களில் ஒரே பொதி தேவைப்பட்டால், 'ஆட்டோடிப்ளாய்' கோப்புறையில் இட்டுவைத்தால், எக்ஸிஸ்ட் தொடங்கும்போது அதைத் தானே நிறுவிக்கொள்ளும்.

மாட்யூல் ஜாவாவில் எழுதப்பட்டிருந்தால், 'எக்ஸிஸ்ட்' என்ற பெயரில் மூன்றாவது எக்ஸ்எம்எல் கோப்பைச் சேர்த்து, அதில் தொகுத்த ஜாவா வகுப்புகள் அடங்கிய ஜார் கோப்பின் பெயர், நேம்ஸ்பேஸ், வகுப்பின் முழுப்பெயர் ஆகியவற்றைத் தர வேண்டும். எக்ஸிஸ்ட் 6 ஜாவா 8-இலும் இயங்கக்கூடியது. நீங்கள் புதிய ஜாவாவுக்கெனத் தொகுத்த வகுப்பு அத்தகைய சர்வரில் ஏறாது என்பதால், தொகுக்கும்போதே இலக்குப் பதிப்பை 8 என்று அமைத்துவிடுங்கள்.

பிறருக்கு வழங்கும்போது, எக்ஸ்ஏஆர் கோப்பை மூலநிரல் களஞ்சியத்தின் வெளியீட்டுப் பகுதியில் வைப்பதே எளிது. வெளியிட்ட கோப்பை அதே எண்ணில் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். சிறு திருத்தமானாலும் 1.0.0 என்பது 1.0.1 ஆகட்டும், செயற்கூறின் பெயரையோ உள்ளீட்டையோ மாற்றினால் 2.0.0 ஆகட்டும். உங்கள் மாட்யூலைச் சார்ந்து இன்னொருவர் பொதி எழுதும்போது, அவர் தம் விவரக் கோப்பில் குறிப்பிடப்போவது இந்த எண்ணைத்தான்.