உப்புக்காற்றில் வீட்டுச் சாமான்: நாம் செய்யும் தவறுகள்

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் நின்றாலும் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கு வாங்கிய மிக்சி இன்னும் ஓடுகிறதே! ஆனால் அதே வருஷம் வாங்கிய டேபிள் ஃபேனும் அயர்ன் பாக்ஸும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மிஞ்சிய ஒன்றை வைத்துப் பழையது எல்லாமே உழைத்தது என்று நம்புவது முதல் தவறு.

பழையதில் ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தால் திரும்பக் கட்டி ஓட்டலாம். இப்போது உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வந்துவிட்டது. கரண்ட் மிச்சம் என்பது நிஜம்: பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், போர்டு வைத்து ஓடும் புது பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் பக்கம் போதும். ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கினால் அடி வாங்குவதும் அந்த போர்டுதான். 'கம்ப்ரசருக்கு 10 வருஷம் வாரண்டி' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காமல், போர்டுக்கு எத்தனை வருஷம் என்று கடையிலேயே கேளுங்கள்.

நம்ம பக்கம் பெரிய எதிரி கடல்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் எங்கும் இதே கதைதான். நாங்கள் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் காற்று நன்றாக வரட்டும் என்று மாடியில் கிழக்கே பார்த்து வைத்தோம். மூன்றே கோடையில் அலுமினியத் தகடுகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. வருஷா வருஷம் கேஸ் அடித்தோம், அது அதைவிடப் பெரிய தவறு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். யூனிட்டைச் சுவர் மறைவில் வையுங்கள், மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. தார்ப்பாய் போட்டு மூடி ஓட்டுவதும் கூடாது, சூடு வெளியே போகாது.

அதே போர் தண்ணீர் வாஷிங் மெஷின் ஹீட்டரிலும் கீசரிலும் சுண்ணாம்பாய்ப் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரே எரிந்துபோகும். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர் கிடைக்கும் நாளில் துவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும், வெளியே துடைத்துவிட்டு உடனே சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளே ஈரமும் சேறும் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால், காய வைத்துப் பிழைத்திருக்க வேண்டிய மோட்டாரும் போய்விடும். ஷாக் அடிக்கும் ஆபத்து வேறு.

அப்புறம், நின்றதெல்லாம் செத்ததல்ல. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், மாற்ற அதிகம் செலவாகாது. எதிர் வீட்டு அக்கா, மாவு அரைக்கும்போது நின்ற மிக்சியைக் காயலான் கடைக்குப் போடக் கிளம்பிவிட்டார். திருப்பிப் பார்த்தால் அடியில் ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளி இருந்தது. பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்தினேன், ஓடியது. அன்று ராத்திரி சட்னி எங்கள் வீட்டுக்கும் வந்தது.