சொந்தக் கதை சொல்லிப் பேசப் பழக்குவது எப்படி? புதிதாகத் தொடக்கப்பள்ளிக்கு வரும் ஆசிரியர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரே வகுப்பறையில் பல வீட்டு மொழிகள் கலந்து உட்கார்ந்திருக்கும். படுக மொழி பேசும் பிள்ளை இருக்கும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் கொள்ளுப்பேத்தி இருப்பாள். இருளர் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் பையனும் இருப்பான். பாடத்தில் கேள்வி கேட்டால் பலரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். "நேத்து சாயங்காலம் வீட்டுல என்ன நடந்துச்சு?" என்றால் அதே பிள்ளைகள் வாய் திறப்பார்கள். அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். வாரம் 2 நாள், 20 நிமிஷம் ஒதுக்குங்கள்.

படி 1: முதல் கதை உங்களுடையது

ஓர் இடம், ஓர் ஆள், ஒரு சிக்கல், அப்போது மனசு எப்படி இருந்தது, இவ்வளவு போதும். 2 நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். நான் சொல்வது இது: "மூணாம் வகுப்புல, மூடுபனியில பஸ்ஸைத் தவற விட்டுட்டேன். பக்கத்துல ஒரு அக்கா கொழுந்துக் கூடையோட நின்னாங்க. கேக்கக் கூச்சம். அழுகை வந்துடுச்சு."

இங்கேயே நிறுத்தி, "நீங்களா இருந்தா அந்த அக்காகிட்ட எப்படிக் கேப்பீங்க?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை அக்காவாக நிற்கட்டும், இன்னொரு பிள்ளை கேட்கட்டும். உதவி கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும். நீதி சொல்லி முடிக்காதீர்கள். நீங்கள் பயந்த கதையைச் சொன்னால் பிள்ளைகளும் பயந்ததைச் சொல்வார்கள். நீங்கள் ஜெயித்த கதைக்குக் கை மட்டும் தட்டுவார்கள்.

படி 2: வட்டம்

தரை ஜில்லென்று இருக்கும், பாய் விரித்துக்கொள்ளுங்கள். ஒரு பைன் காயைக் கை மாற்றிவிடுங்கள். காய் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். பேச விருப்பமில்லாத பிள்ளை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

படி 3: ஜோடியாகச் சொல்வது

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கட்டும். பிறகு கேட்டவர்தான் வட்டத்தில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் "இதை எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டாக வேண்டும். அனுமதி இல்லையென்றால் கதை அங்கேயே நிற்கும். சொல்லி முடித்ததும் கதைக்குச் சொந்தக்காரர் "ஆமா, அப்படித்தான்" என்றோ "இல்ல, அது தம்பி இல்ல, அண்ணன்" என்றோ திருத்துவார். காது கொடுத்துக் கேள் என்று நூறு தடவை சொன்னாலும் வராத கவனம் இதில் வந்துவிடுகிறது. மற்றவர் பேச்சைச் சண்டையில்லாமல் திருத்தவும் பழகுகிறார்கள்.

படி 4: இரண்டு கேள்வி

கதை முடிந்ததும் சொன்னவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: ஒன்று நடந்ததைப் பற்றி, இன்னொன்று மனசைப் பற்றி. சந்தோஷம், கோபம் இரண்டோடு நின்றுவிடாமல் கூச்சம், ஏக்கம், பொறாமை, ஏமாற்றம், நிம்மதி என்று கதையில் வரும்போதே ஒவ்வொரு சொல்லாகக் கரும்பலகையில் சேருங்கள்.

கதை நடுவே மொழியைத் திருத்தாதீர்கள். ஒருமுறை ஒரு படுகச் சிறுமி "எங்க ஹட்டியில" என்று தொடங்கினாள். "ஊர்னு சொல்லும்மா" என்றேன். அதோடு நிறுத்திவிட்டாள். அவளுடைய அடுத்த கதைக்கு 2 மாதம் காத்திருந்தேன். ஹட்டி என்றால் என்ன என்று அவளையே மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லியிருக்க வேண்டும்.

அடி, தொடுதல், பசி என்று ஏதாவது கதையில் வந்தால் வட்டத்தில் தோண்டாதீர்கள். "அப்புறம் நாம ரெண்டு பேரும் பேசலாம்" என்று சொல்லிக் காயை நகர்த்திவிட்டு, அன்றைக்கே தனியாகக் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

முதல் மாதம் முழுக்கக் கரடி வந்த கதையாகவே வரும். வரட்டும். நீங்கள் சொல்லித்தராமலே ஒரு பிள்ளை இன்னொன்றைப் பார்த்து "அப்போ நீ பயந்தியா?" என்று கேட்கும் நாளில், பைன் காயை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.