அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடப்போகும் பிள்ளைகள்: ஒன்பதாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்கும் கடிகாரம்

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பையன் நல்ல டென்னிஸ் ஆட்டக்காரன், இடது கைக்காரன், அவன் சர்வீஸ் ஒன்றே பாதி மேட்சை ஜெயித்துக் கொடுத்துவிடும். அப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து சர்ட்டிஃபிகேட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். நான் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "பிளஸ் டூ முடிச்சிட்டு ஒரு வருஷம் ஐடிஎஃப் இன்டர்நேஷனல் டோர்னமென்ட் ஆடட்டும் சார். ராங்கிங் ஏறினா ஸ்காலர்ஷிப்பும் ஏறும்ல?" என்று கேட்டார்.

2013இல் நான் என் அப்பாவிடம் சொன்னதும் இதையேதான். அதனால் எனக்கு ஒரு முழு சீசன் போனது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ, யார் ஆடலாம் என்று முடிவு செய்யும் அதன் தகுதி மையத்தில் கணக்குத் தொடங்குவது, மார்க்‌ஷீட்டை நேரத்துக்கு அனுப்புவது மாதிரி விஷயங்களை எல்லோரும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், அவற்றுக்குள் நான் போகவில்லை. விவரம் தெரிந்த வீடுகளிலேயே நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். நான் டென்னிஸ்காரன், ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் டென்னிஸிலிருந்துதான் வரும்.

"ஒரு வருஷம் ஆடிப் பார்க்கலாம்"

நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது என்று நினைக்கிறோம். நீட்டுக்கு ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் யாரும் தண்டிப்பதில்லை, விளையாட்டும் அப்படித்தான் என்ற நினைப்பு. என்சிஏஏ அப்படிப் பார்ப்பதில்லை. பள்ளி முடித்ததற்கும் கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு காலம், அந்தக் காலத்தில் நீ போட்டிகளில் ஆடினாயா என்று கேட்கிறது. என்சிஏஏவின் மூன்று அடுக்குகளில் மேலே இருக்கும் டிவிஷன் ஒன்னில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு வருடம் சலுகை என்றால், டென்னிஸுக்கு ஆறே மாதம். நான் சேர்ந்த காலத்து விதி அது. அந்தக் கெடு தாண்டியபின் போட்டியில் ஆடியிருந்தால், ஆடிய ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு சீசன் கழியும், அது போதாதென்று கல்லூரியில் முதல் வருடம் ஆடாமல் உட்கார வேண்டும்.

நான் மே மாதம் பள்ளி முடித்தேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் கல்லூரியில் சேர்ந்தேன். நடுவில் ஆறு போட்டிகள் ஆடினேன், அதில் நான்கில் முதல் சுற்றிலேயே தோற்றேன், ஒரு பைசா பரிசுப் பணம் வாங்கவில்லை. பணம் வாங்கவில்லை என்பதால் நான் சுத்தமான அமெச்சூர், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அமெச்சூரா இல்லையா என்பது ஒரு கேள்வி, தாமதமாகச் சேர்ந்தாயா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் பாஸ் ஆனவன் இரண்டாவதில் அடிபடலாம். ஸ்கோர் எழுதுகிறார்கள், நடுவர் இருக்கிறார், அட்டவணை போட்டு நடத்துகிறார்கள் என்றால் அது முறையான போட்டிதான். பக்கத்து ஊர் கிளப்பில் வார இறுதியில் நடக்கும் ஓபன் டோர்னமென்டும் அதில் வந்துவிடும். பயிற்சி மட்டும் எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

அந்த முதல் வருடம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அணியோடு தினமும் காலை பயிற்சி உண்டு. மேட்ச் நாளில் மட்டும் கையில் ஒரு கிளிப்போர்டைக் கொடுத்துவிடுவார்கள், எந்த ஷாட்டில் எத்தனை தவறு என்று கோடு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நான் பயிற்சியில் 6-2 என்று தோற்கடிக்கும் பையன் ஐந்தாம் நம்பரில் ஆடிக்கொண்டிருப்பான். அப்புறம் நான்கு சீசனில் எனக்கு மிஞ்சியது மூன்று. சென்னையில் பயிற்சி எடுத்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு முறை என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றது அவருடைய மூன்றாவது, நான்காவது சீசன்களில். ஆட்டம் பழுக்கும் நேரமே அதுதான். முன்னால் ஒரு வருடம் சேர்ப்பதாக நினைத்து, பின்னாலிருந்து அந்த நேரத்தைத்தான் வெட்டிக்கொள்கிறோம்.

சரி, என் கதையாவது அறியாமை. என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இன்னொரு பையனுக்கு நடந்தது.

அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் ஒரு அகாடமி சொன்னதைக் கேட்டுப் பள்ளியை விட்டுவிட்டான். ஒரு வருடம் முழுக்க டென்னிஸ். பிறகு பத்தாவதும் பன்னிரண்டாவதும் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதினான். கூடப் படித்தவர்களைவிட ஒரு வருடம் தாமதம், அவ்வளவுதான் என்று வீட்டில் நினைத்தார்கள். மே மாதம் பாஸ், ஆகஸ்டில் அமெரிக்கா, நடுவில் மூன்றே மாதம் என்பது அவர்கள் கணக்கு. தகுதி மையத்தின் கணக்கு வேறு. நீ எப்போது பாஸ் செய்தாய் என்பதை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த நாளிலிருந்து, உன் நாட்டின் வழக்கமான பாதையில் போயிருந்தால் எப்போது முடித்திருப்பாயோ அந்தத் தேதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்படி அவன் ஒரு வருடத்துக்கு முன்பே பள்ளி முடித்திருக்க வேண்டியவன். ஆக அவனுடைய இடைவெளி மூன்று மாதம் இல்லை, ஒரு வருடம் மூன்று மாதம். அந்த ஒரு வருடம் அவன் நாடு முழுக்கச் சுற்றி ஆடியிருந்தான், வீட்டில் கோப்பைகள் வரிசையாக நின்றன, அவை ஒவ்வொன்றும் அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டன.

படிப்புப் பக்கமும் இதே கடிகாரம்தான். டிவிஷன் ஒன் கேட்பது 16 அடிப்படைப் பாடங்கள்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி கூடுதல் பாடங்கள். இவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும், டிவிஷன் டூ என்றால் 2.2. இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுதுவதில் ஒரே ஒரு பாடத்தைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை நம் ஊரில் யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? அது வெறும் ரிப்போர்ட் கார்டுதானே என்று பழைய பேப்பரோடு போய்விடுகிறது. இங்கே முதலில் கேட்கும் காகிதமே அதுதான்.

அந்த அகாடமியில் இதை ஒருவர்கூட அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. "நிறையப் பேர் போயிருக்காங்க, ஒண்ணும் பிரச்சினை வராது" என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்கிறவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் பதினெட்டாவது வயதில் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீசன் கணக்கையே எடுத்துவிட்டு, வயதையும் பள்ளி முடித்த தேதியையும் வைத்து ஐந்து ஆண்டு என்று கொடுத்துவிடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்திருக்கிறது. அப்படி வந்தாலும் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே காலம் ஓடத் தொடங்கிவிடும். சேரப்போகும் ஆண்டுக்கான வழிகாட்டியைத் தகுதி மையத்தின் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். என் கதையையோ தெரிந்த அண்ணன் யாருடைய கதையையோ வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஸ்காலர்ஷிப்பில் பங்கு கேட்கும் கன்சல்டன்ட்

"அட்வான்ஸ் எதுவும் வேண்டாம், ஸ்காலர்ஷிப் கிடைச்சதும் அதுல பத்து பர்சன்ட் குடுத்தா போதும்" என்று ஒருவர் சொன்னால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வேலை நடந்தால்தானே பணம் என்று. ஆனால் அந்த ஏற்பாடே தகுதிக்கு ஆபத்து. பிள்ளையின் வீடியோவையும் விவரத்தையும் கல்லூரிகளுக்கு அனுப்பித் தர ஒரு நிலையான கட்டணம் வாங்கலாம், தப்பில்லை. நிதியுதவி கிடைப்பதோடு அந்தக் கட்டணத்தை முடிச்சுப் போடக் கூடாது. எழுத்தில் போடாமல் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

நூறு சதவீதம் கேரண்டி என்கிறவரிடம் இன்னும் கவனம் தேவை. பல ஆண்டுகளாக டிவிஷன் ஒன் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதை எட்டு பத்துப் பேருக்குப் பயிற்சியாளர் பிரித்துக் கொடுப்பார். 2025க்குப் பிறகு பல கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணத்தை யாருக்கு எவ்வளவு தருவது என்று முடிவு செய்வது இப்போதும் பயிற்சியாளர்தான், சென்னையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. டிவிஷன் த்ரீயிலும், ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற ஒன்றே கிடையாது. ஐவி லீகில் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவீர்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பரிசுப் பணமும் தொலைந்த ரசீதும்

டென்னிஸில் கல்லூரிக்கு முன்னால் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பரிசுப் பணம் வாங்கலாம், அதற்கு மேல் என்றால் அந்தப் போட்டிக்கு ஆன உண்மையான செலவு அளவுக்கு மட்டும் என்பதுதான் நெடுநாள் விதியாக இருந்தது. ரீஸ் பிரான்ட்மையர் என்ற வட கரோலைனா பல்கலைக்கழக ஆட்டக்காரி 2021 யுஎஸ் ஓப்பனில் 48,913 டாலர் சம்பாதித்து, அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்து, 2024இல் வழக்கே போட்டார். அதிலிருந்து இந்த விதி ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனாலும் செலவுக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் இருந்தால் எந்த விதி வந்தாலும் தாங்கும். ரயில் டிக்கெட், ஓட்டல் பில், பந்து வாங்கிய ரசீது, பயிற்சியாளருக்குக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து, போட்டியின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். வெயிலில் ரசீது மை மூன்று மாதத்தில் அழிந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

நாட்டின் ஒலிம்பிக் கமிட்டி தரும் பதக்கப் பரிசு இதில் சேராது. டெக்சாஸில் படித்துக்கொண்டிருந்த சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோவில் தங்கம் வாங்கியபோது, நாடு அறிவித்த பத்து லட்சம் சிங்கப்பூர் டாலரைப் பெறத் தடை வரவில்லை.

சம்பளம் தரும் அணி

கூடைப்பந்து, கைப்பந்து, கால்பந்துப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனியுங்கள். துருக்கியின் எனெஸ் கான்டர் 2010இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்கு முன் ஒரு துருக்கிக் கிளப்பிடமிருந்து செலவுக்கு மேல் 33,033 டாலர் வந்திருந்தது தெரிந்ததும், கல்லூரிக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனது. நம் ஊரில் லீக் அணிகள் மேட்சுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையும் கிடைக்கும். நல்ல விஷயங்கள்தான். அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒப்பந்தத்தின் நகலோடு தகுதி மையத்திடம் கேட்டுவிடுங்கள்.

பிசிக்கல் எஜுகேஷன்

பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணுக்காக எடுப்பார்கள். 16 பாடங்களில் அது சேராது. கணிதத்தை விட்டுவிட்டு அதை எடுத்தால் இரட்டை நஷ்டம்.

படிவத்தில் மறைப்பது

செய்யவே செய்யாதீர்கள். யார் எந்தப் போட்டியில் ஆடினார்கள் என்று காட்டும் டிரா ஷீட் எல்லாம் இணையத்தில் இருக்கிறது.

அங்கே போனபின் வரும் ஸ்பான்சர்

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அறைத் தோழன் இன்ஸ்டாகிராமில் ஷூ விளம்பரம் போட்டுப் பணம் வாங்குவான், நம் பிள்ளைக்கும் ஆசை வரும். அவன் அமெரிக்கக் குடிமகன், நம் பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவன். என்சிஏஏ அனுமதிப்பதைக் குடியேற்றச் சட்டமும் அனுமதிக்கும் என்று அர்த்தமில்லை. இதில் தப்பினால் போவது சீசன் இல்லை, விசா. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

போனில் கேட்ட பதில்

மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் விதிகளைப் பார்க்கவென்றே கம்ப்ளையன்ஸ் அலுவலகம் இருக்கிறது. பயிற்சியாளர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் விதி நிபுணர் இல்லை, போனில் "ஷுட் பி ஃபைன்" என்று அவர் சொன்னதுதான் எனக்கும் கிடைத்த கடைசி ஆலோசனை. ஆகஸ்டில் சேர்கிறவர்கள் ஏப்ரல் 1 முதல் தகுதி மையத்திடம் இறுதி அமெச்சூர் சான்று கேட்கலாம். அதற்கு முன்பே சந்தேகங்களை எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மதுரைப் பையனின் ஃபைலில் ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு மட்டும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டார்கள், பீரோவில் துணிக்கு அடியில் இருந்து எடுத்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார். ஜூன் மாத அட்மிஷன், இடையில் எங்கும் முறிவு இல்லை. இந்த ஆகஸ்டே போவது என்று அங்கேயே முடிவானது. இரண்டு பயிற்சியாளர்களுக்கு எழுதியிருக்கிறான், ஒருவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டுப் பதில் போட்டிருக்கிறார்.