முன்பணம் திரட்டி நாவல் வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை ஊர்களில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். உள்ளே இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருக்க, பந்தல் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர் வந்தவரின் ஊர், பெயர், தொகை மூன்றையும் மொய் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நோட்டில் ஏறிய தொகையை விருந்து வைத்தவர் வருமானமாக எண்ணுவதில்லை. எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகவே இரு தரப்பும் அதைக் கருதுகின்றன. வாசகர்களிடம் முன்பணம் திரட்டித் தம் நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிடும் எழுத்தாளர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை, கைப்பேசியில் வந்து விழும் தொகையை மொய்யாகப் பார்க்காமல் விற்பனையாகப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகின்றன. என் முதல் நாவலுக்கு நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முறை ஒன்றும் புதிதல்ல. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பின் அச்சுச் செலவுக்காக, நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். ஆனால் அவர் கையொப்பம் கேட்டுச் சென்றபோது நூல் அவர் கையில் இருந்தது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உழைப்பும் அதன் பின்னால் இருந்தது. இன்று நடப்பதோ தலைகீழ். பத்து அத்தியாயம் எழுதிய உற்சாகத்தில் அட்டைப்படத்தை வெளியிட்டு, க்யூஆர் குறியீட்டை ஒட்டி, ‘பொங்கலுக்குள் கையில் கிடைக்கும்’ என்று அறிவித்துவிடுகிறார்கள். பதினொன்றாம் அத்தியாயத்தில் கதை முரண்டு பிடிக்கும்போது, பணம் கொடுத்தவர் கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பார். அந்த நெருக்கடியில் எழுதி முடிக்கப்படும் பின்பாதியை வாசகர் உடனே கண்டுகொள்வார். கைப்பிரதி முடிந்து, வேறொருவர் அதைச் செம்மை செய்து, மெய்ப்பும் ஒரு முறை பார்த்து முடித்த பிறகே முன்பதிவு அறிவிப்பு வெளிவர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது, எத்தனை பேர் சேர்ந்தால் புத்தகம் வரும், சேராவிட்டால் பணம் என்று திரும்பும் என்பதைச் சொல்லாமல் பணம் வாங்குவது. 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில், குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை எட்டாவிட்டால் யாருடைய கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்படுவதில்லை. இந்தியாவில் வசிப்பவர் அதில் தம் பெயரில் திட்டம் தொடங்க இயலாது என்பதால், நம்மில் பெரும்பாலோர் நேரடியாக வங்கிக் கணக்கிலேயே வாங்கிக்கொள்கிறோம். அங்கே அந்தக் காப்பு இல்லை. நாமே அதை விதித்துக்கொள்ள வேண்டும். 150 பேர் சேராவிட்டால் இன்ன தேதியில் முழுத் தொகையும் திருப்பி அனுப்பப்படும் என்ற ஒரே வரி, பத்து விளம்பரங்களைவிட அதிக நம்பிக்கையைத் தரும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்கவிடாமல் தனிக் கணக்கில் வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். இதில் தனிமனிதர்கள் மட்டும்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதில்லை: 2011இல் பிரிட்டனில் தொடங்கி, வாசகர் முன்பணத்திலேயே நூல்களை வெளியிட்டுவந்த அன்பவுண்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் நொடித்தபோது, எழுத்தாளர்கள் பலருக்குச் சேர வேண்டிய தொகை நின்றுபோனது.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை, அச்சகம் கொடுக்கும் விலைப்புள்ளியை மட்டும் பிரதிகளால் வகுத்து அதுவே அடக்கவிலை என்று எழுதிக்கொள்வது பொதுவான பிழை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு, புத்தகத்துக்கு வரி இல்லாததாலேயே அதை நாம் திரும்பப் பெறவும் வழியில்லை. செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியம், பார்சல் லாரி வாடகை, உறை, ஒட்டுநாடா எல்லாம் அதற்கு மேல். கடையில் வைத்தால் நூற்றுக்கு 30 முதல் 40 வரை கழிவு கேட்பார்கள். 350 ரூபாய் விலையில் 40 விழுக்காடு கழிவு போனால் கைக்கு வருவது 210. அதில் அடக்கம் 180 என்றால் மிஞ்சுவது 30 ரூபாய். முன்பதிவுக்காரருக்கு ஏற்கெனவே 280க்குத் தபால் செலவும் இன்றித் தருவதாகச் சொல்லியிருப்போம். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வந்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற நினைப்பையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வந்தால் மகிழ்ச்சி, அவ்வளவே.

ஆஃப்செட்டில் பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் செலவு குறையும் என்பது உண்மைதான். அந்த ஆசையில் 200 பேர் முன்பதிவு செய்த நாவலை ஆயிரம் பிரதி அச்சிட்டவர்களின் வீட்டில், ஒரு காலத்தில் நெல் கொட்டிவைத்த பத்தாயத்துக்குள் புத்தகக் கட்டுகள் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நெல்லாவது அவித்துத் தின்ன உதவும். புத்தகத்தை இராமபாணப் பூச்சிதான் தின்னும். குறைந்த பிரதிகளுக்கு, தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறை இருக்கும்போது, முன்பதிவு எண்ணிக்கைக்கு மேல் ஐம்பதோ நூறோ கூட்டி அச்சிட்டு, தேவைப்பட்டால் மறுபடி அச்சிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தயாரிப்பில்தான் நான் அதிகம் அடிபட்டேன். என் நாவலின் நாயகி பெயர் சௌந்தரம். தட்டச்சு செய்தவர் ‘சௌ’ என்ற ஓரெழுத்தை, ‘செ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு ‘செள’ என்று அடித்திருந்தார். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கண்ணுக்கு அது சௌந்தரம்தான். ஆனால் வடிவமைப்பு மென்பொருளுக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். தமிழில் வரி முடிவில் சொல்லை ஏறத்தாழ எந்த எழுத்திலும் முறிக்கலாம் என்பதால், அச்சில் பதினோரு இடங்களில் வரி ‘செ’ என்று முடிந்து, அடுத்த வரி ‘ளந்தரம்’ என்று தொடங்கியது. திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அந்தப் பதினோரு பக்க எண்களையும் வரிசையாக எழுதி, ‘ளந்தரம் நலமா?’ என்று கேட்டு அஞ்சலட்டை போட்டிருந்தார். யூனிகோடில் எழுதியதைப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது இதைவிடப் பெரிய விபத்துகள் நேரும்: கொம்பு எழுத்தை விட்டு விலகும், கிரந்த எழுத்து கட்டமாக மாறும், மேற்கோள் குறி வேறொன்றாகிவிடும். ஆகவே கணினிக் கோப்பில் மெய்ப்புப் பார்த்ததோடு நின்றுவிடாமல், பக்கம் வடிவமைத்து முடிந்த பிறகு தாளில் எடுத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதையும் எழுதியவரே பார்க்கக் கூடாது, ஏனெனில் எழுதியவரின் கண் இருப்பதைப் படிக்காது, தான் எழுதியதாக நினைப்பதையே படிக்கும். ஒரே ஒரு மாதிரிப் பிரதியை அட்டையோடு கட்டி வாங்கிப் பார்க்காமல் மொத்தத்துக்கும் ஒப்புதல் தருவது, சேற்றைத் தொட்டுப் பார்க்காமல் நடவுக்கு ஆள் விடுவதைப் போன்றது.

பக்க எண்ணிக்கையையும் முதலிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. அச்சகத்தில் கணக்கு ஃபாரத்தில்தான். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். 320 பக்கம் என்றால் சரியாக இருபது ஃபாரம். முன்னுரை நீண்டு 323 ஆகிவிட்டால், மூன்று பக்கத்துக்காக இருபத்தோராம் ஃபாரம் ஓட வேண்டியிருக்கும். பக்கம் கூடினால் எடையும் கூடும். டெமி அளவில், அதாவது 14 × 21.5 செ.மீ.யில், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 256 பக்க நாவல் அட்டையோடு ஏறத்தாழ 290 கிராம் வரும். 320 பக்கம் ஏறத்தாழ 360 கிராம். புத்தகங்களுக்காக அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் சேவையில் முதல் படி 300 கிராம் வரைதான், கட்டணம் 20 ரூபாயும் வரியும். அதைத் தாண்டினால் அடுத்த படி. உறையும் எடைக்குள் சேரும் என்பதை நான் அஞ்சலகத் தராசின் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன். ஒரு பிரதியில் சில ரூபாய்தான் என்றாலும், யாரிடமும் கேட்க முடியாத அந்தச் சில ரூபாய்கள் நம் பையிலிருந்தே போகின்றன. எல்லா அச்சுப் பொருளும் இந்தச் சேவைக்குத் தகுதி பெறாது என்பதால், ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

காலம் குறிப்பதில் டெல்டாக்காரர்களுக்கென்று தனியாக ஒரு தவறு உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடப்பதால் எல்லாரும் டிசம்பரில் அச்சகத்தை நெருக்குகிறார்கள்; காலண்டர், டைரி வேலைகளும் அப்போதுதான் குவிந்து கிடக்கும். அவசரத்தில் கட்டப்பட்ட புத்தகங்கள் கார்த்திகை மழையில் நம் ஊருக்கு வந்து ஈரக்காற்றில் அடுக்கிவைக்கப்படும்போது, லேமினேஷன் செய்த அட்டை வெளிப்புறமாகச் சுருளத் தொடங்கும். மேல்பக்கத்தை நெகிழித்தாள் மூடியிருக்க, உள்பக்கத் தாள் மட்டும் ஈரத்தை இழுத்து விரிவதே காரணம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்து சேரும் மாசி, பங்குனியில் முன்பதிவைத் திறந்து, ஆவணிக்குள் புத்தகத்தை அனுப்பி முடிப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஆனி, ஆடியில் குறுவைச் செலவும் பள்ளிக் கட்டணமும் மொய்யும் சேர்ந்து நிற்கும் வீட்டில் நாவலுக்குப் பணம் கேட்பது பொருத்தமாக இராது.

விளம்பரத்தில், ‘ஆதரவு தாருங்கள்’ என்று தினமும் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதே பெருந்தவறு. வாசகர் நாவலை வாங்க வருகிறார். எழுத்தாளருக்கு உதவி செய்ய வருபவர் ஒரு முறைதான் வருவார். முதல் அத்தியாயத்தை முழுமையாகப் படிக்கக் கொடுப்பது, கதை நடக்கும் ஊரின் கிளை நூலகத்தில் முப்பது பேர் முன்னிலையில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுவது ஆகியவை எனக்குப் பலன் தந்தன. மண்டபம், ஃப்ளெக்ஸ், பொன்னாடை, சிற்றுண்டி என்று அச்சுச் செலவையும் மிஞ்சிய வெளியீட்டு விழா பலன் தரவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கே இலவசமாக முப்பது பிரதிகள் போயின.

சலுகைகளை அள்ளி வீசுவதும் அப்படித்தான். கையொப்பமிட்ட பிரதி, கெட்டி அட்டைப் பதிப்பு, கதாபாத்திரத்துக்கு உங்கள் பெயர் என்று வாக்குக் கொடுத்தவர், ஒவ்வொன்றும் தனி வேலை என்பதைப் பிறகுதான் அறிவார். சிங்கப்பூர், மலேசிய வாசகரிடம் உள்ளூர் விலையே வாங்கிவிட்டால், விமானத் தபால் புத்தக விலையைத் தாண்டிவிடும். முன்பதிவுக்காரருக்கு மின்பிரதியும் உண்டு என்று சொல்லியிருந்தால், அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலின் கேடிபி செலக்ட் திட்டத்தில் அதே நூலைச் சேர்க்கக் கூடாது. அதில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தர உரிமை இல்லை.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பெறப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் இரக்கமாக இருக்கிறது. இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனி எழுத்தாளரும் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். எண் வரத் தாமதமாகலாம் என்பதால் அட்டை வடிவமைப்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முகவரிகளைத் தனித்தனிக் குறுஞ்செய்திகளாக வாங்கிவைப்பது கடைசிக் கட்டத்தில் கழுத்தைப் பிடிக்கும். ‘மாரியம்மன் கோயில் எதிர்வீடு, மேலத்தெரு’ என்று மட்டும் எழுதி அனுப்பியவருக்கு, அஞ்சல் எண்ணும் கைப்பேசி எண்ணும் இல்லாமல் நான் அனுப்பிய உறை, மூன்று வாரம் சுற்றிவிட்டு மூலை மடங்கித் திரும்பி வந்தது. அவருக்கு வேறு பிரதி அனுப்பினேன். அன்றிலிருந்து, திரும்பி வருபவற்றுக்கும் கிழிந்து போனவற்றுக்கும் என்று பதினைந்து பிரதிகளை யாருக்கும் விற்காமல் தனியே கட்டி, முன்பதிவுகளை எழுதிய நோட்டோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.